டவுன் நோய்க்குறியும் கண் நலமும்
(மண்ணரையில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் போதிப்பதே என் தொழில். மருத்துவம் என் துறையன்று. ஆயினும், குழந்தையொன்று புத்தகத்தை மூக்கினருகே பிடித்து வாசிப்பதைக் காணும் வாய்ப்பு ஆசிரியனுக்கு மிகுதியாதலின், இப்பொருள் பற்றிப் பேசத் துணிந்தேன்.

டவுன் நோய்க்குறி என்பது, ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் 1866-ல் விவரித்த பிறவி நிலையாகும். உயிரணுவில் 21-ஆம் குரோமோசோம் இரண்டாக இராது மூன்றாக இருப்பதே காரணமென்று 1959-ல் பிரெஞ்சு அறிஞர்கள் வெளியிட்டனர். இது பெரும்பாலும் பரம்பரையாய் வருவதன்று, தாயின் குற்றமுமன்று. ஆதலின், உடன்பிறந்தாள் திருமணம் தடைப்படுமென அஞ்சி அக்குழந்தையை வீட்டினுள் மறைத்தல் நியாயமாகாது.

நிற்க. இக்குழந்தைகட்குக் கண் குறைகள் ஏனையோரினும் மிகுதி. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண், விழிநடுக்கம், இமையோர அழற்சி என்பன பலர்க்கு உள. சிலர்க்குப் பிறக்கும்போதே கண்புரை இருக்கும். பார்வையை மறைக்கும் அப்புரையை உரிய காலத்தில் நீக்காவிடின், மூளை பார்க்கக் கற்கும் பருவம் கடந்துவிடும். கண்ணை ஓயாது தேய்க்கும் பழக்கத்தால் கருவிழிப் படலம் கூம்புபோற் பிதுங்கிப் பார்வை கெடுதலும் உண்டு.

இவற்றினும் பலர் அறியாத குறை ஒன்றுளது. அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காணுமாறு விழி தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் இவர்களுட் பலர்க்குக் குறைவு. முதியோர் அணியும் பைபோக்கல் கண்ணாடி இக்குழந்தைகட்கும் பயன்படுமென்று பிரிட்டனிலுள்ள கார்டிப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து காட்டினர். எழுத்துத் தெளிவாய்த் தெரியாத பிள்ளையை, 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒதுக்குவது எத்துணைக் கொடுமை! பனியனில் பிசிர் வெட்டும் எளிய வேலைக்கும் கிட்டத்துப் பார்வை வேண்டுமன்றோ?

செய்யத்தக்கது யாது? குழந்தை பிறந்த ஆறு மாதத்திற்குள் கண் மருத்துவரிடம் காட்டுக. பின்னரும் அவர் குறிக்கும் காலந்தோறும் தவறாது காட்டுக. எழுத்தறியாக் குழந்தைக்கும், மருந்திட்டு ஒளி பாய்ச்சி, வேண்டிய கண்ணாடியை மருத்துவர் கணித்துவிடுவர். மூக்குத்தண்டு தாழ்ந்திருத்தலின், நழுவாத சட்டம் கேட்டு வாங்குக. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டவுன் நோய்க்குறியும் பார்வைக் குறையும் சேர்க்கப்பட்டுள்ளன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவினரிடம் குழந்தையை மறையாது காட்டுக. அருகே கோயமுத்தூரில் அரவிந்த் கண் மருத்துவமனையும் உண்டு.

ஒரு நாள் கூலியை இழந்து கோவை செல்ல இயலாத தாய்மார் நம்முள் உளர். அன்னார்க்கு வழிச்செலவும் துணையும் நமது சங்கம் அளிக்க வேண்டுமென்று தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றேன்.