டைல்ஸ் ஒட்டப் பசை வாங்கும் முன்…

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாங்கள் பேச வந்தது குளியலறைச் சுவரைப் பற்றி. இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா 20,000 ரூபாய் உள்கடன் வாங்கிக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினார். எட்டாவது மாதம், விடியற்காலையில், சுவரிலிருந்து மூன்று கல் பெயர்ந்து விழுந்தது. அவருடைய மாமியார் அப்போதுதான் குளித்துவிட்டு வெளியே வந்திருந்தார். ஒரு கல்லே 7 கிலோவுக்கு மேல். தலையில் விழுந்திருந்தால் என்ன ஆவது?

குழுவாகப் போய்ப் பார்த்தோம். மீதிக் கல்லை ஒரு ரூபாய்க் காசால் தட்டினால் பாதிக்கு மேல் வெற்றுச் சத்தம். உள்ளே பிடிப்பே இல்லை. கல் கீழே கிடக்கு, தவணை மட்டும் நிற்குது.

கொத்தனார் ஏமாற்றவில்லை. அவர் பழகிய முறைப்படி சிமெண்ட் பால் வைத்துத்தான் ஒட்டினார். மாறியது கல். முன்பெல்லாம் சுவருக்கு வந்தது செராமிக் கல். அதன் முதுகு தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட் அந்தத் துளைகளில் இறங்கிக் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். இந்த அக்கா வாங்கியது 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு கல். அது அரை சதவீதம் தண்ணீர்கூடக் குடிக்காது. சிமெண்டுக்குப் பிடி கிடைக்காது. அதற்கென்று உள்ள பசை வேண்டும்.

உங்கள் கல் எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கல்லைத் திருப்பி முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று இழுத்துக்கொண்டால் செராமிக். அப்படியே நின்றால் விட்ரிஃபைடு.

அடுத்து பசை. 20 கிலோ பையில் பவுடராக வரும். அதற்கு இந்திய தர எண் ஐ.எஸ். 15477. 2019-இல் திருத்திய தரத்தில் 1 முதல் 5 வரை வகை உண்டு. சாதாரண செராமிக் கல்லுக்கு 1-ஆம் வகை. விட்ரிஃபைடு, பெரிய கல் என்றால் பொதுவாக 2 அல்லது அதற்கு மேல். பழைய கல்லின் மேலேயே ஒட்டுவதானால் அதற்கென்று எழுதியிருக்கும் பைதான் வாங்க வேண்டும். ஈரமான இடத்துக்கு ஆகும் என்று பையில் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்றும் பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். டப்பாவில் கலந்தே வரும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் படும் குளியலறைச் சுவருக்கு வாங்காதீர்கள். பல ரகம் ஈரத்தில் மறுபடி இளகிவிடும்.

எத்தனை பை? 4க்கு 6 அடி குளியலறை, 7 அடி உயரம் ஒட்டினால் சுற்றளவு 20 அடி. 20 பெருக்கல் 7, 140 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 125. சமமான சுவரில் 3 மில்லி மீட்டர் கனத்துக்கு ஒரு பை சுமார் 45 முதல் 50 சதுர அடி வரும். ஆக மூன்று பை.

நல்ல பசை வாங்கினாலும் வேலை சரியில்லை என்றால் வீண். நம்மில் பலர் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்:

* பெயிண்ட், சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் அதோடு உரிந்து வரும்.
* கல்லோ பசையோ நீர்க்கசிவைத் தடுக்காது. தடுப்புப் பூச்சை முதலில் சுவருக்குப் பூசுங்கள்.
* பையில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து சில நிமிடம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும். இறுகிய பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது.
* கல்லை ஊற வைக்க வேண்டாம். முதுகில் தூசியைத் துடைத்தால் போதும்.
* நாலு மூலையிலும் உருண்டை வைத்து ஒட்டுவது கூடாது. பல் கரணையால் சுவர் முழுக்க இழுத்து, கல்லை அழுத்தி ஒட்ட வேண்டும். சுவரில் தடவியது காய்ந்து ஆடை கட்டினால் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள்.
* கல்லுக்குக் கல் 2 மில்லி மீட்டர் சந்து விட்டு, ஒரு நாள் கழித்துச் சந்தை அடைக்க வேண்டும்.
* கையுறை போடுங்கள். பசையில் சிமெண்ட் இருக்கிறது, தோலை அரிக்கும்.

அந்த அக்காவின் தவணையை மூன்று மாதம் தள்ளி வைத்து, சுவரைத் திரும்ப ஒட்டினோம். அதோடு ஒரு தீர்மானமும் போட்டோம்: டைல்ஸ் வேலைக்குக் கடன் கேட்பவர் என்ன கல், எந்த வகைப் பசை என்று சொல்லி, அது தீர்மான நோட்டில் ஏற வேண்டும். கடைக்கு இரண்டு பேராகப் போய், ரசீது வாங்கி வர வேண்டும். உங்கள் குழுவிலும் இதைப் பேசுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு சுவரில் நிற்கட்டும், தரையில் விழ வேண்டாம்.