வீடியோவில் தெரியாத சாட்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முப்பது வருஷமா கறுப்புக் கோட்டு போடுறவன் நான். இன்று காலை விடுதிப் பக்கம் ஒரு தம்பி என்னை மடக்கினார். "சார், கொலை செஞ்சது வீடியோவிலேயே தெரியுது. அப்புறம் அப்பீல் எதுக்கு?" என்றார். நல்ல கேள்வி. ஒரு வழக்கையே பதிலாகச் சொல்கிறேன்.

2011 செப்டம்பர். ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் மாகாணம். பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படையைச் சேர்ந்த சார்ஜென்ட் அலெக்சாண்டர் பிளாக்மேன், படுகாயமுற்றுக் கிடந்த எதிரி ஒருவரைக் கைத்துப்பாக்கியால் மார்பில் சுட்டார். சக வீரரின் ஹெல்மெட் கேமராவில் அது பதிவாகியிருந்தது. காயம்பட்டு விழுந்தவன் எதிரியானாலும் கொல்லக் கூடாது என்பது போர்ச் சட்டம். ஆள் ஏற்கனவே இறந்துவிட்டதாக நினைத்தேன் என்று அவர் வாதாடினார். இராணுவ நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013இல் கொலைக்குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை. குறைந்தது 10 ஆண்டு சிறை. 2014இல் முதல் அப்பீல். 10 ஆண்டு 8 ஆனது. கொலை என்ற முடிவு மாறவில்லை.

அவர் மனைவி விடவில்லை. பொதுமக்கள் பணம் திரட்டித் தந்தார்கள். தவறான தீர்ப்புகளை ஆராய அங்கே தனி ஆணையம் உண்டு. 2016 டிசம்பரில் அது வழக்கை மீண்டும் அப்பீல் கோர்ட்டுக்கு அனுப்பியது. சுட்ட நேரத்தில் அவர் மனநலம் பாதிக்கப்பட்டிருந்தார் என்று மூன்று மனநல மருத்துவர்கள் சொன்னார்கள். முதல் விசாரணையில் இந்தச் சாட்சியம் வரவே இல்லை! 2017 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் கொலைத் தீர்ப்பை ரத்து செய்து, அதைவிடக் குறைந்த குற்றமாக்கினார்கள். தண்டனை 7 ஆண்டு. நிரபராதி என்று விட்டுவிடவில்லை, அதையும் கவனியுங்கள். செத்தவரும் ஒரு மனிதர்தானே.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1982இல் பிரித்தி பால் சிங் பேடி வழக்கில், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின் மேல் ஒரே ஒரு அப்பீல்கூட இல்லையே என்று உச்ச நீதிமன்றம் வருந்தியது. மேலதிகாரிகளுக்கு மனு போடலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். ஆனால் ரிட்டில் சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள். 2007இல்தான் சட்டம் வந்தது. 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இயங்குகிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. அங்கே சாட்சியத்தையே மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த ஒரு வாசல் திறக்க இருபத்தேழு வருஷம் ஆச்சு.

தம்பி, கேமரா அந்த மனுஷன் கையைத்தான் படம் பிடிச்சுது, மனசை இல்லை. நாளைக்கு நீங்க வக்கீலானாலும் சரி, பட்டாளத்துக்குப் போனாலும் சரி, முதல் கோர்ட்டில் கேட்காமல் விட்ட சாட்சி உண்டா என்று ஒரு தடவை கேளுங்க. அப்பீல் அதுக்குத்தான்.