தொழிலின் நினைவில்லம்



சவ்வாது மலையின் அடியில் இருக்கும் சிங்காரப்பேட்டை என்னுடைய ஊர். பொழுது புலருமுன்பே எங்கள் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடும். அவற்றின் பலகணிகளில் தலைசாய்த்து உறங்கிச் செல்லும் இளைஞர் சிலர் என்னிடம் படித்தவர்கள். அண்மையில் ஒருநாள் நானும் விடியற்காலையில் புறப்பட்டேன். ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்களைக் கடந்து பெங்களூர் சென்றேன். அங்கே ஜாலஹள்ளிப் பகுதியில் எச்.எம்.டி. நிறுவனத்தின் பாரம்பரியக் காட்சியகம் இருக்கிறது. அங்குக் கண்டதையும் எண்ணியதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அரண்மனைகளையும் வாள்களையும் காட்டும் கூடங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். உழைப்பாளியின் கருவியைக் காட்டும் கூடங்கள் மிகச் சிலவே. அத்தகைய கூடத்திற்குள் நுழையும் மாணவன் மூன்று கேள்விகளோடு நுழைய வேண்டும் என்பது என் கருத்து. இப்பொருள் என்ன வேலை செய்தது? இதை எவருடைய கை செய்தது? இது ஏன் நின்றுபோயிற்று?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நாடு விடுதலை பெற்றபோது நம்மிடம் தொழிற்சாலைகள் இருந்தன; ஆனால் அவற்றுக்கு வேண்டிய இயந்திரங்களில் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களைத் 'தாய் இயந்திரங்கள்' என்பார்கள். கடைசல் இயந்திரமும் துளையிடும் இயந்திரமும் அவ்வகையின. அவற்றை நம் நாட்டிலேயே செய்வதற்காக 1953-ஆம் ஆண்டில் இந்திய அரசு இந்நிறுவனத்தைத் தொடங்கியது. ஸ்விட்சர்லாந்து நாட்டு நிறுவனமொன்று தொழில்நுட்ப உதவி அளித்தது. பின்னர் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கைக்கடிகாரங்களும் உருவாயின. 'ஜனதா' என்று பெயரிட்டார்கள். மக்களுக்கான கடிகாரம் என்பது பெயரிலேயே விளங்கியது.

கண்ணாடிப் பேழைகளில் கடிகாரங்கள் வரிசையாக இருந்தன. பார்வையற்றோர் விரலால் தடவி நேரமறியும் கடிகாரமும் உண்டு. ஒரு பேழையின் முன் என் கால்கள் தாமாகவே நின்றன. ஆசிரியப் பணியில் சேர்ந்தபின் பல மாதம் பணம் சேர்த்து நான் வாங்கிய கடிகாரத்தின் உடன்பிறப்பு அங்கே இருந்தது! நாள்தோறும் காலையில் அதற்குச் சாவி கொடுத்த பின்பே நான் பள்ளிக்குப் புறப்படுவேன். பள்ளி மணி அடித்ததும் அதைப் பார்த்துத்தான். இன்று அது என் மேசைக்குள் உறங்குகிறது. தன் பிறந்த வீட்டிலும் அவ்வாறே உறங்கக் கண்டேன்.

இரண்டாவது கேள்வி, கையைப் பற்றியது. சாவி கொடுக்கும்போது கடிகாரத்தின் உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல மெல்ல விரிந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. தடையின்றிச் சுழன்றால் வில்லின் ஆற்றல் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு சிறு கவை, சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அதற்குத் தாளம் கற்பிப்பது, இப்படியும் அப்படியும் ஊசலாடும் சமன் சக்கரம். 'டிக் டிக்' என நாம் கேட்பது இந்தத் தாளத்தையே. ஜனதா கடிகாரத்தில் அது நொடிக்கு ஐந்து முறை நிகழும். ஒரு நாளில் 4,32,000 முறை! அத்தனை முறை அசைந்தும் தேயாதிருக்க, அச்சுமுனைகள் செயற்கை மாணிக்கக் கற்களில் பொருத்தப்பட்டிருக்கும். தலைமயிரினும் மெல்லிய வில்லை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி, அதன் இடத்தில் அமர்த்தியது ஒரு மனிதக் கை.

அத்தகைய கைக்குரியவர் ஒருவரை அங்கேயே சந்தித்தேன். முதியவர், பேத்தியை அழைத்து வந்திருந்தார். இங்கு முப்பது ஆண்டுகள் பணிபுரிந்ததாகக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "எத்தனையோ பேருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தீர்களே, அவர்களில் எவரேனும் இன்று இதைச் செய்கிறார்களா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, பேழையில் கடிகாரத்தை வைத்துவிட்டார்கள். என் விரல்களை எங்கே வைப்பார்கள்?" என்றார். மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்று முழுவதும் அக்கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது.

இனி மூன்றாவது கேள்வி. இதை நாம் கேட்கக் கூசுகிறோம். ஆயினும் கற்க வேண்டிய பாடம் இதிலேதான் மிகுதி. 1969-இல் ஜப்பானில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. சிறு மின்கலத்தின் ஆற்றலால் அதிலுள்ள படிகத் துண்டு நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிரும். சாவி கொடுக்க வேண்டியதில்லை. பிழையும் மிகக் குறைவு. உலகமே அதன் பக்கம் திரும்பியது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் கடிகாரம் செய்தது. ஆயினும் பழைய வகையையே பெரிதும் நம்பி நின்றது. மாறிய சந்தையில் நட்டம் பெருகியது. 2016-ஆம் ஆண்டு சனவரியில் அதன் கடிகாரப் பிரிவை மூடுவதென மத்திய அரசு முடிவெடுத்தது. திறமை குறைந்ததால் அன்று. காலத்தைக் காட்டும் தொழில், காலத்தின் மாற்றத்தை உரிய நேரத்தில் காணாமையால்.

கடிகாரத் தொழிலின் தாயகமான ஸ்விட்சர்லாந்தும் இதே புயலில் சிக்கியது. ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த தொழில், பதினைந்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அவர்கள் புதியதைக் கற்றார்கள்; பழையதையும் கைவிடவில்லை. லா ஷோ த ஃபோன் என்னும் நகரில் கடிகாரங்களுக்கென்றே பெரிய காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சுருள்வில் கடிகாரம் செய்யும் கைத்திறனை இளைஞருக்குத் தொடர்ந்து பயிற்றுவிக்கிறார்கள். அந்தக் கைத்திறனே பின்னர் அவர்களுக்கு மீண்டும் வாழ்வளித்தது.

மாலையில் ஊர் திரும்பும்போது பேருந்து ஓசூரில் நின்றது. முதியவரின் கேள்விக்கு ஒரு பாதி விடை அங்கே கிடைத்தது. 1984-இல் டாட்டா குழுமமும் டிட்கோ என்னும் தமிழக அரசு நிறுவனமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. எச்.எம்.டி.யில் தொழில் பயின்றோர் சிலரும் அங்குச் சென்று பணியாற்றினர். சுற்றுப்புறக் கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வேலைக்கு அமர்த்தினார்கள். ஆக, ஒரு கூரையின் கீழ் பழகிய விரல்கள், தொலைவில் மற்றொரு கூரையின் கீழ் புதிய விரல்களுக்கு வழிகாட்டின. தொழிற்சாலை மூடப்படலாம், கற்றுக்கொடுத்த கைத்திறன் எல்லை கடந்தும் செல்லும். கற்றுக்கொடாத திறனோ, உடையவரோடு மடியும்.

மற்றப் பாதி விடை உங்கள் கையில் இருக்கிறது. நம் மாவட்டம் தொழிலுக்குப் புதியதன்று. மயிலாடும்பாறை அகழாய்வில் அறியப்பட்ட இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பழங்காலக் கொல்லனின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் இரும்பு கிடைத்தது. அவன் சொல் கிடைக்கவில்லை. ஓசூரின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இப்போது ஓய்வு பெற்று உங்கள் தெருக்களில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லையும் இழந்துவிடலாமா?

வரும் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கொல்லரிடம், தறி நெய்தவரிடம், ஆலையில் கடைசல் பிடித்தவரிடம் செல்லுங்கள். என்ன செய்தீர்கள், எவ்வாறு கற்றீர்கள், ஏன் நின்றது என்று கேட்டு எழுதுங்கள். அவர் பயன்படுத்திய கருவியின் பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள். பெரிய கட்டடம் வேண்டியதில்லை. பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரி போதும். முதியவரின் விரல்களை வைக்க அதுவே தக்க இடம்.

அன்றிரவு வீடு சேர்ந்ததும் மேசையைத் திறந்து என் கடிகாரத்திற்குச் சாவி கொடுத்தேன். சற்றுத் தயங்கியது, பிறகு ஓடத் தொடங்கியது. மறுநாள் அதை அடுத்த வீட்டுச் சிறுவனிடம் கொடுத்து, அதன் பின்மூடியைத் திறந்து காட்டினேன்.