சாக்பீஸைக் குனிந்து எடுக்க

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியின் பிற்பகல் அமர்வில், அரசு உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை எழுப்பி விட்டிருக்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை, உடற்கல்வி ஆசிரியரும் இல்லை. கணக்கு டீச்சர், வயது 46. சென்ற ஜூனில் எனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொண்டேன். இந்தப் பிப்ரவரி வரை அது என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன். கண்ணயர்பவர்கள் தாராளமாக அயரலாம், நான் பெயர் எழுத மாட்டேன்.

போன வருடம் மார்ச் மாதம். ஏழாம் வகுப்பில் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். "பரவாயில்லம்மா, நானே எடுத்துக்குவேன்" என்றேன். அவள் மிகச் சாதாரணமாக, "இல்ல டீச்சர், உங்களுக்குக் குனிய முடியாதுல்ல. நாங்க முறை போட்டு வச்சிருக்கோம். இன்னிக்கு என் முறை" என்றாள்.

முறை போட்டிருக்கிறார்கள்! வகுப்பறை சுத்தம் செய்ய, செடிக்குத் தண்ணீர் ஊற்ற, சாக்பீஸ் எடுக்க. எத்தனை மாதமாக இது நடக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை வீட்டில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முயன்றேன். முடியவில்லை. அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி அளவு 6.1. அது 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் இரண்டுக்கும் நடுவில், படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் விரலை எடுத்தார்கள். அதனால் அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

நம்மில் பலர் சொல்வதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்: "நாள் முழுக்க நின்னுக்கிட்டுதானே இருக்கோம், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" நிற்பது உடற்பயிற்சி ஆகாது. அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதில்லை. இரத்தத்தை மேலே தள்ள வேண்டிய அந்தத் தசை சும்மா இருப்பதால், கீழேயே தேங்கிக் கால் வீங்குகிறது. வெரிகோஸ் நரம்போடு இந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால் பாதிக் கைகள் உயரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு நாம் எப்போதும் விட்டுவிடும் இன்னொரு வரியும் அதில் உண்டு: வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று இருந்த எனக்கு அந்த வரி புதிது.

முதலில் யூடியூபைப் பார்த்துச் செய்தேன். கூடத்தில் பாய் விரித்தால், ஒரு பக்கம் குக்கர் மூன்றாவது விசில், இன்னொரு பக்கம் கணவர் செய்தித்தாளோடு. வீடியோவில் இருந்த அம்மையார் "அருமை, அருமை" என்று பாராட்டிக்கொண்டே இருந்தார். நான் முழங்காலைத் தவறாக மடக்கினாலும் அருமைதான், நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனாலும் அருமைதான். பதினோராம் நாள் நின்றுபோயிற்று. நான் வரவில்லை என்று கேட்க அங்கே யாருமில்லை.

அப்போதுதான் இலக்கை மாற்றி எழுதினேன். அதுவரை என் இலக்கு "எட்டுக் கிலோ குறைப்பேன்" என்பது. கற்றல் விளைவுகளைப் பாடக்குறிப்பில் எழுதி எழுதிப் பழகியவர்கள் நாம். எட்டுக் கிலோ என்பது விளைவு. திங்கட்கிழமை காலை எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதனால் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "இந்தக் கல்வியாண்டில், நம் ஊரிலேயே உடற்பயிற்சி கற்றுத்தரும் நான்கு பேரிடம் போய்ச் சேருவேன். பிடிக்கிறதோ இல்லையோ, ஒவ்வொருவரிடமும் ஒரு மாதம் மாணவியாக இருப்பேன். எடை பார்க்க மாட்டேன்." தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கவில்லை.

நம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். தேட ஆரம்பித்தால் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாடியில் யோகா சொல்லித்தரும் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் சிலம்பம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜிம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலையில் ஜூம்பா. மனவளக்கலை மன்றமும் இருக்கிறது. வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியைச் செய்துவரும் ஆசிரியர்கள் இங்கேயே சிலர் உண்டு.

ஜூனில் யோகா. காலை 5.30 மணி. அந்த அம்மா முதல் நாள் ஒரு ஆசனமும் சொல்லித்தரவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரத்த அழுத்தம் உண்டா, அறுவைச் சிகிச்சை ஏதும் நடந்ததா, எந்த மூட்டு வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். "சுகர், பிரஷர் பாத்துட்டு வாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. அது எவ்வளவு பெரிய தகுதி என்பது ஜூம்பாவுக்குப் போனபோதுதான் புரிந்தது.

ஜூம்பாவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பயிற்சியாளர் எதையும் கேட்கவில்லை. முதல் நாளே குதிக்கச் சொன்னார், மூன்றாம் நாள் ஒரு பவுடர் டப்பாவை வாங்கச் சொன்னார், நான்காம் நாள் என் முழங்கால் வீங்கியது. ஒரு மாதம் என்று எழுதியிருந்தேன், நான்கு நாளில் நின்றுவிட்டேன். இலக்கில் அந்த வரி சிவப்பு மையில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளித் தமிழம்மா வேறோர் இடத்தில் அதே ஜூம்பாவுக்கு ஆறு மாதமாகப் போகிறார். வெள்ளிக்கிழமைகளில் முகம் மலர்ந்து வருகிறார். எனவே குறை ஜூம்பாவில் இல்லை. கேட்காமல் சொல்லித்தருபவரிடம் போகாதீர்கள், மாதத்துக்குப் பத்துக் கிலோ என்று வாக்குக் கொடுப்பவரிடமும் போகாதீர்கள். அவ்வளவுதான்.

ஆகஸ்டில் சிலம்பம். இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

ஆசான் கொத்தனார் வேலை பார்ப்பவர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருபது பிள்ளைகள். எல்லாரும் பத்து, பன்னிரண்டு வயது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பத்தைச் செயல்விளக்கப் போட்டியாகச் சேர்த்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டது என்றார். அந்த வரிசையின் கடைசியில் சுடிதார் போட்டுக்கொண்டு நான். முதல் மூன்று வாரம் அவர் கையில் கம்பையே கொடுக்கவில்லை. வெறும் காலடிதான். வலது கால் முன்னே, திரும்பு, இடது கால் பின்னே. பிள்ளைகளுக்கு இரண்டு தடவையில் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. "டீச்சரம்மா, வலது" என்பார். நான் இடதை வைப்பேன். நான் பி.எட். படித்தவள், இருபது வருடமாக வலது இடது சொல்லிக்கொடுப்பவள். ஆனால் எல்லாரும் திரும்பியபின் நான் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும்போது, காதுமடல் சூடாகும். மூன்றாவது ஞாயிறு, தலைவலி என்று போகவில்லை. தலைவலி எதுவும் இல்லை.

அன்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். திங்கட்கிழமை தோறும் என் வகுப்புக்கு வராத ஒரு பையன் இருக்கிறான். திங்களன்று முதல் பாடவேளை கணக்கு. "வயித்து வலி டீச்சர்" என்பான். வயிற்று வலி என்று எனக்கும் நம்பிக்கை இருந்ததில்லை, சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் போனேன். ஆசான் ஏன் வரவில்லை என்று கேட்டார், காரணத்தை விசாரிக்கவில்லை. எங்கள் பள்ளி ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியை என் பக்கத்தில் நிற்க வைத்தார். அவள் என் காலைப் பார்க்காமல், தன் காலை மட்டும் மெதுவாக வைத்துக் காட்டினாள். அப்படித்தான் எனக்குக் காலடி வந்தது. பிறகு கம்பு கிடைத்தது, அதை என் காதிலேயே அடித்துக்கொண்டது தனிக்கதை. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது, மைதானத்தில் தண்ணீர் நின்றது, வகுப்பும் நின்றது.

நவம்பரில் ஜிம். பெண்களுக்கான நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண் ஒருத்திகூட அந்தக் கணக்கில் இல்லை. நாங்கள் ஐந்து பேர், மூன்று டீச்சர்கள், ஒரு செவிலியர், ஒரு துணிக்கடைக்காரம்மா, சேர்ந்து போய்க் கேட்டோம். திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு முதல் ஏழு வரை ஒதுக்கித் தந்தார்கள். தனியாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. வீட்டிலும் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. அந்த மூன்று நாளும் இரவுத் தோசை கணவர் பொறுப்பு. தோசை வட்டமாக வருவதில்லை, அதனால் யாரும் பட்டினி கிடக்கவும் இல்லை.

அந்த ஜிம் பயிற்சியாளர் என் பழைய மாணவர். 2011இல் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவர். முதல் நாள் எங்கள் இருவருக்குமே சங்கடம். நாற்காலியில் அமர்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். எழ முடியவில்லை. நாற்காலியின்மேல் இரண்டு தலையணையைப் போட்டு உயர்த்தினார். "இப்ப எழுந்திரிங்க டீச்சர்." முடிந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தார். டிசம்பர் கடைசியில் தலையணையே இல்லை. தசைதான் சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்ளும் இடம், தொடைத் தசை வலுவானால் முழங்காலின் சுமையும் குறையும் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். தண்டால், பஸ்கி என்று நம் தாத்தாக்கள் எடுத்ததும் இதே வேலைதான் என்றார். தண்டாலை நான் இன்னும் சுவரில் கை வைத்துத்தான் எடுக்கிறேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "நான் எப்படிப்பா நடத்துவேன் அப்ப? உண்மையைச் சொல்லு." முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "நல்லா நடத்துவீங்க டீச்சர். ஆனா கேள்வி கேட்டுட்டு, நான் யோசிக்கிறதுக்குள்ள பக்கத்துப் பையன்கிட்ட போயிடுவீங்க. ஒருசில தடவை விடை எனக்குத் தெரியும். எந்திரிச்சு நிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவுதான் இருந்தது. அதை மூன்று நொடியாக்கியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, எழுந்து பேசாதவர்களும் பேசினார்கள். பி.எட். காலத்தில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய விஷயம். அது என்னைப் பற்றியது என்று தெரிய, ஒரு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் நான் திணறி, அதே பையன் அவசரப்படாமல் எதிரே நிற்க வேண்டியிருந்தது.

இப்போது கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறேன். வகுப்பில் அந்த மூன்று நொடி மிக நீளமாக இருக்கிறது. திங்கட்கிழமைப் பையன் இப்போதும் எல்லாத் திங்களும் வருவதில்லை. வரும் நாளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒரு கணக்கை என் நோட்டில் மெதுவாகப் போடுகிறேன், அவன் நோட்டைப் பார்ப்பதில்லை. போன வாரம் அவனாகவே நோட்டைத் திருப்பிக் காட்டினான். விடை தப்பு. வழி பாதி சரி.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு: ஜனவரியில் எச்.பி.ஏ.1.சி 5.8. படிக்கட்டில்தான் இன்னும் நிற்கிறேன், ஒரு படி கீழே. சாப்பாட்டில் வெள்ளைச் சோற்றைக் குறைத்ததும் இதில் சேரும், எல்லாப் புகழையும் ஜிம்முக்குக் கொடுக்க முடியாது. எடை பார்க்கவில்லை. யோகாவுக்கு மாதம் 600 ரூபாய், சிலம்பத்துக்கு 300, ஜிம்முக்கு 1000 கொடுத்தேன். ஆசானிடம் கூடக் கொடுக்கப் போனால் வாங்க மறுத்துவிட்டார்.

நாற்பதைத் தாண்டியவர்கள், குறிப்பாக இதயம், இரத்த அழுத்தம் தொடர்பாக மருந்து எடுப்பவர்கள், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள். நெஞ்சு இறுக்கினால், தலை சுற்றினால் வீம்புக்குச் செய்யாதீர்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பள்ளியிலிருந்து இருவராகப் போங்கள். ஆண் ஆசிரியர்களுக்கு நேரம் கிடைப்பது எளிது, அதனால் சாக்கு குறைவு.

சாக்பீஸ் முறைப் பட்டியலை அந்தப் பிள்ளைகள் ஜனவரியில் கிழித்துவிட்டார்கள். கிழித்ததில் ஒருத்திக்கு வருத்தம், அடுத்த நாள் அவள் முறையாம்.

கேள்விகள் இருந்தால் தேநீர் இடைவேளையில் கேளுங்கள். இன்று புதன்கிழமை, ஆறு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது. 4.40 பேருந்தைப் பிடிக்க வேண்டும்.