நாள்மீனும் நம் மக்களும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்னை மாநகரிற் பொருட்செலவின்றி யாவர்க்கும் வானங் காட்டும் கூட்டங்களைப் பற்றிச் சில கூறுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். தமிழ் கற்பிக்கும் எமக்கு வானநூலில் என்ன உரிமை என்று சிலர் வினவலாம். அதற்கு விடை நம் ஒவ்வொருவர் இல்லத்துப் பெட்டியிலும் ஜாதகக் கட்டாக இருக்கின்றது. இப்பத்திரிகையின் இறுதிப் பக்கங்களில் வரன் வேண்டி வரும் விளம்பரங்களை நோக்குக. பெயர் இருப்பினும் இல்லாதொழியினும் நட்சத்திரம் தவறாது இருக்கும். மகம் என்பர்; சுவாதி என்பர்; கேட்டை என்றால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாரும் உளர். அக்கேட்டை வானத்தில் எப்பக்கம் உளது, அதன் நிறம் யாது என்று கேட்பின் சுட்டிக் காட்டவல்லார் நம்முள் எத்தனை பேர்? தேளின் வடிவாய் அமைந்த மீன்கூட்டத்தின் நடுவே செந்நிறமாய் ஒளிர்வது அது. ஒரு பெண்ணை வேண்டாமென்று ஒதுக்குதற்குப் போதிய காரணமென்று நாம் கொள்ளும் ஒரு மீனை நாம் ஒருமுறையேனும் கண்ணாற் கண்டிலோம் என்பது எமக்கு வியப்பையும், உண்மையைச் சொல்லுமிடத்துச் சிறிது நாணத்தையும் தருகின்றது.

இக்குறையைத் தீர்ப்பார் இந்நகரில் உளர். வானநூலில் ஆர்வமுடைய அன்பர் சிலர் தம் தொலைநோக்கிகளைப் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும், பள்ளி, கல்லூரித் திடல்களிலும் அவ்வப்போது கொணர்ந்து நிறுத்தி, வருவார் யாவராயினும் ஒரு காசும் பெறாது காட்டுகின்றனர். 2009-ஆம் ஆண்டு உலக வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பெற்றதும், 2010 முதல் ஆண்டுதோறும் நிலவு நோக்கும் இரவொன்று பல நாடுகளிலும் நடைபெற்று வருவதும் இம்முயற்சிக்கு ஊக்கம் அளித்தன. கோட்டூர்புரத்தில் 1988-ஆம் ஆண்டு முதல் இயங்கும் பிர்லா கோளரங்கமும் நன்றே. ஆயின் அங்கே கட்டணம் உண்டு. குளிர்ந்த அறையில் விதானத்தின்மேல் ஒளியாற் காட்டப்படும் வானம் வேறு, மணலில் நின்று காணும் வானம் வேறு.

தெருவில் தொலைநோக்கியை நிறுத்தும் இவ்வழக்கத்தை உலகிற் பரப்பியவருள் தலையாயவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் டாப்ஸன் என்பார். அவர் இராமகிருஷ்ண மரபைச் சார்ந்த வேதாந்த மடமொன்றில் 1944 முதல் 1967 வரை துறவியாய் இருந்தவர். கப்பற் சாளரத்திலிருந்து கழித்த கண்ணாடி, அட்டைக்குழாய், மரப்பலகை இவை கொண்டே தொலைநோக்கி செய்து, மடத்தை விட்டு நீங்கியபின் 1968-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகர நடைபாதையில் நின்று, போவார் வருவாரை அழைத்து நிலவைக் காட்டும் குழுவொன்றைத் தோற்றுவித்தார். இன்று நம் கடற்கரையில் நிற்கும் கருவிகளுட் பல, அவர் பெயரால் வழங்கும் எளிய அமைப்புடையனவே.

அங்கே காண்பது யாது? நகரத்து விளக்கொளி மங்கிய மீன்களை மறைத்துவிடுமாயினும், நிலவையும் கோள்களையும் மறைக்கமாட்டாது. முழுமதியைக் காட்டிலும் வளர்பிறை அட்டமியே நிலவைக் காண்டற்கு உரிய நாள். அன்று ஒளியும் இருளும் பிரியும் கோட்டின்மேல் மலைகளும் வட்டக் குழிகளும் தத்தம் நீண்ட நிழலோடு துலங்கும். முழுமதியன்றோ நிழலின்றி எல்லாம் வெளுத்துத் தோன்றும். வியாழன் அருகே நான்கு சிறு புள்ளிகள் ஒரே வரிசையில் நிற்கக் காணலாம். 1610-இல் கலிலியோ கண்ட அந்நான்கு துணைக்கோள்களும் இரண்டு மணி நேரத்திற்குள் இடம் சிறிது பெயர்வதைப் பிள்ளைகளே கண்டறிவர். சனியைப் பற்றியோ சொல்லவேண்டுவதில்லை. எள்விளக்கேற்றி அஞ்சி வணங்கும் அன்னையார் ஒருவர் அதன் வளையத்தைக் கண்டு, ‘இத்துணை அழகா!’ என்று வாய்விட்டுக் கூறக் கேட்டுள்ளோம். திருவோண மீனின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் செல்லும். பதினேழு வயதுடைய மகளுக்கு அதனைக் காட்டி, ‘நீ பிறந்த காலத்துப் புறப்பட்ட ஒளி இது’ என்று சொல்லிப் பாருங்கள்.

கருவியே வேண்டாத காட்சியும் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களையொட்டிச் சென்னையில் ஞாயிறு உச்சிக்கு நேரே வரும். பகல் பன்னிரண்டைக் கடந்த சில நிமிடங்களில், நேரே நாட்டிய கோலின் நிழல் அடியிலே அடங்கிவிடும். ஒரு கோலும் சமதரையும் போதும்.

இந்நகர்க்கு இவை புதியனவும் அல்ல. 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்திற் கம்பெனியார் வானாய்வுக்கூடம் அமைத்தனர். அதன் கருவியைத் தாங்கிய கருங்கற்றூண் வானிலை அலுவலக வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. அதில் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டுளது. அக்கூடத்திற் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867-இல் தென்வானத்து மீனொன்று ஒளி மாறுவதைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தபோது, அது யாதென்று பொதுமக்கள் அறியும்பொருட்டு உரையாடல் வடிவில் நூலொன்று இயற்றி நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கமும் கணித்தவர் அவர். வானத்தை நேரிற் கண்டு அதற்கேற்பக் கணக்கைத் திருத்தவேண்டும் என்றவர். ஏட்டை மட்டும் பற்றிக்கொண்டு வானத்தை விட்டுவிட்ட நமக்கு அவர் வழி உகந்ததென்பது எம் கருத்து.

கிரகணத்தைப் பற்றி ஒரு சொல். 2019 டிசம்பர் 26 காலை, கோயம்புத்தூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் ஞாயிறு கங்கணமாய்த் தோன்றிற்று; சென்னையிற் குறைகிரகணமாய்த் தெரிந்தது. திடல்களில் வடிகண்ணாடி கொடுத்துக் காட்டினார்கள். அந்நேரத்தில் நம் இல்லங்கள் பலவற்றிற் சாளரங்கள் அடைக்கப்பட்டிருந்தன. கருவுற்ற மகளிர் நீரும் பருகாது ஓர் அறையில் இருத்தப்பட்டனர். கிரகணத்தாற் கருவுக்கு ஊறு நேரும் என்பதற்குச் சான்று இல்லை. வடிகண்ணாடியின்றி ஞாயிற்றை நோக்கினாற் கண்ணுக்கு ஊறு நேரும் என்பதற்குச் சான்று நிரம்ப உண்டு. முன்னதற்கு அஞ்சிப் பின்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாது விடுகின்றோம். சந்திர கிரகணத்திற்கோ கண்ணாடியும் வேண்டுவதில்லை. 2031 மே 21-இல் மீண்டும் ஒரு கங்கண கிரகணம் தென்னாட்டின்மேற் செல்லும். இன்று மடியில் இருக்கும் குழந்தைகள் அன்று வெளியே நிற்பார்களா, உள்ளே இருப்பார்களா என்பது நம் கையில் உளது.

இனி, நம் சங்க முற்றத்தில் இத்தகைய கூட்டம் ஒன்று நடத்தலாம் என்று நிர்வாக சபையில் பேச்சு எழுந்தபோது கூறப்பட்ட தடைகள் இரண்டு. இரவில் பெண்மக்களை அனுப்புவது எங்ஙனம் என்பது ஒன்று. தாயும் தந்தையும் பாட்டியும் உடன் வருவதே இதன் சிறப்பாகலின் இத்தடை தானே நீங்கும். சங்கப் பணத்தில் நடப்பதனை நம்மவர்க்கே வைத்துக்கொள்ளலாகாதா என்பது மற்றொன்று. இதனை யாம் ஒப்பவில்லை. கருவி கொணரும் அன்பர்கள் நம்மவர் அல்லர். அவர்கள் நம்மிடம் குலமும் கேட்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. எல்லார்க்கும் காட்டுவோம் என்பதே அவர்கள் விதிக்கும் ஒரே நிபந்தனை. நம் தெருவில் துணி தேய்ப்பவர் மகனும், எதிர்வீட்டுக் காவலாளி மகளும் நம் மக்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வாயிலிற் பெயர்ப்பட்டியல் வைத்துக்கொண்டு நிலவைக் காட்டுவது அழகன்று. சபையார் இதற்கு இசையாராயின், கூட்டத்தைக் கடற்கரையிலேயே வைத்துக்கொள்வது நலம். அங்கே வாயில் இல்லை.

மார்கழி வரை மேகம் நம்பத்தகாது. ஆதலால் மாசி மாதத்து வளர்பிறை அட்டமியை யாம் குறித்துள்ளோம். அன்று நிலவு கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் அண்மையில் நிற்கும். திருவாதிரையும் செவ்வனே தெரியும். மாலை ஆறரை மணிக்கு முற்றத்து விளக்குகளை அணைக்க வேண்டும். தெருவிளக்கிற்கு ஒரு மறைப்பும் வேண்டும். முதியோர்க்கு நாற்காலியும், சிறுவர் ஏறி நோக்க உறுதியான முக்காலி இரண்டும் இருத்தல் நலம். ஒவ்வொருவரும் தம் பிறந்த நாள்மீனின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொணர்க. வானில் உள்ளதை அன்றே காட்டுவோம். கேட்டையிற் பிறந்தார் அன்று நள்ளிரவுக்குப் பின்னும் காத்திருக்க நேருமாகலின், அவர்பொருட்டு ஆனி மாதத்தில் மற்றொரு மாலை ஒதுக்குமாறு காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.