விறைப்பு நீங்குமுன்னரே வலிக்கு மருந்து



கருப்பை அகற்றல், கருப்பை இறக்கத்தைச் சீர்செய்தல் முதலிய சத்திரசிகிச்சைகள் பல இன்று முழு மயக்கமின்றியே நடைபெறுகின்றன. கீழ்முதுகில், நரம்புகளைச் சூழ்ந்துள்ள நீரினுள் மெல்லிய ஊசியால் விறைப்பு மருந்து செலுத்தப்படும். இடுப்பின் கீழ் உணர்வு மறையும்.

சிகிச்சை முடிந்து விடுதிக்குத் திரும்பும் தாய்க்கு அப்போது வலியே இராது. தாதி வினவும்போது "பரவாயில்லை" என்பார், மாத்திரையையும் மறுப்பார். இடர் இங்கேதான் தொடங்குகிறது. விறைப்பு பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரத்தில் நீங்கத் தொடங்கும். விழுங்கிய மாத்திரை வேலைசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். வலி முற்றிய பின்னர் கேட்பவர் அந்த இடைவெளி முழுவதையும் வேதனையிலேயே கழிக்க நேரும். ஆகவே விறைப்பு இருக்கும்போதே முதல் வேளை மருந்தை ஏற்று, பின்னர் குறித்த நேரம் தவறாது உட்கொள்ளுதல் நன்று.

"பனடோல்தானே" என்று இகழ்வது தமிழரிடையே வழக்கம். அது சரியன்று. பரசிற்றமோலும் ஐபுபுரோபெனும் வெவ்வேறு வழிகளில் வலியைத் தணிப்பவை. இரண்டும் ஒழுங்காகச் சேரும்போது மோர்பின் போன்ற வலிய மருந்தின் தேவை குறைகிறது. குடற்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உடையோர் ஐபுபுரோபெனுக்கு முன் அதனைத் தெரிவித்தல் வேண்டும்.

முதுகில் இடும் ஊசியிலேயே மிகச் சிறிதளவு மோர்பின் வகை மருந்தைச் சேர்ப்பதும் உண்டு. அதன் பயன் 12 முதல் 24 மணி நேரம்வரை நீடிக்கலாம். குமட்டலும், குறிப்பாக முகத்தில் அரிப்பும் தோன்றக்கூடும். இந்த அரிப்பு பெரும்பாலும் ஒவ்வாமையன்று. ஆயினும் தாதியிடம் கூறுக, அதற்கும் மருந்துண்டு.

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் கூறுமாறு கேட்பர். அசையாது படுத்திருக்கையில் உள்ள வலியை மட்டும் கூறுதல் போதாது. இருமும்போதும் எழும்போதும் எவ்வளவு என்பதையும் கூறுக. வலிக்கு அஞ்சி ஆழ மூச்செடுக்காது, நடவாது கிடப்பவருக்கே நெஞ்சுச் சளியும் காலில் இரத்தக் கட்டியும் ஏற்படும் வாய்ப்பு மிகுதி.

இவற்றையெல்லாம் மகனின் முன்னிலையில் கூறத் தாய் கூசுவது இயல்பே. தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளில் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம். அனுமதிக்கு முந்திய சந்திப்பிலேயே கோருதல் சிறந்தது. சிகிச்சையின் முக்கிய இடர்களையும் பொருத்தமான மாற்று வழிகளையும் நோயாளிக்கு எடுத்துரைப்பது மருத்துவரின் கடமையென 2015 இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் மொன்ட்கொமறி வழக்கில் தீர்ப்பளித்தது. விளங்காத மொழியில் உரைத்தது உரைத்ததாகாது. "வலிக்கு என்ன ஏற்பாடு? முதுகு ஊசியில் என்ன சேர்ப்பீர்கள்?" என ஒப்பமிடுமுன் வினவுக.

வீடு திரும்பிய பின்னர் ஒரு கவனம் தேவை. கோ-கோடமோல் மாத்திரையினுள் பரசிற்றமோலும் உள்ளது. இரண்டையும் ஒருங்கே உட்கொள்ளலாகாது. வளர்ந்தோர்க்குப் பரசிற்றமோலின் உச்ச அளவு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. உடல் எடை 50 கிலோவிற்குக் குறைந்தோர் மருத்துவரைக் கேட்டே அளவை அறிதல் வேண்டும். எழுந்து அமர்ந்தால் கடுமையாகி, படுத்தால் தணியும் தலைவலி தோன்றின், அது முதுகு ஊசியின் விளைவாக இருக்கலாம். தாமதியாது மருத்துவமனைக்குத் தெரிவிக்குக.