தனித் தட்டு



கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டினால் அடுத்து தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் அந்த வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு அங்கேதான் வைத்தியம். ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. குணமாகிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் வீட்டில் அவருக்கு மட்டும் தனித் தட்டு. வைக்கச் சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான். பேத்தி மடியில் ஏற வந்தால் எழுந்து போய்விடுவார். "உடம்பைப் பார்த்துக்காம விட்டது என் தப்பு. எல்லாருக்கும் பாரமாயிட்டேன்" என்பார்.

காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ராபர்ட் காக் 1882-இலேயே சொல்லிவிட்டார். இருமுகிறவரிடமிருந்து காற்றில் கலந்து வருவது அது. தட்டில் ஒட்டிப் பரவுவதில்லை. நெரிசல் மிகுந்த ரயிலில் யாரிடமிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இதில் அவர் செய்த தப்பு என்ன?

1956-இல் நம் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீடு என்றால் நெருக்கடியான ஏழை வீடுகள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. நோயாளியை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் உலகெங்கும் குறைய இந்த ஆய்வு வழிசெய்தது. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களே வீட்டாரோடு இருக்கலாம் என்றால், குணமானவர் ஏன் ஒதுங்க வேண்டும்?

அரசு 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் மையங்களில் ஒன்றும், பெரியவர் வைத்தியம் பார்த்த இதே தாம்பரம் மருத்துவமனைதான். அங்கே வருகிறவர்களில் பலர் பெரியவருடையதைவிடப் பெரிய குற்றவுணர்ச்சியைச் சுமக்கிறார்கள். தங்களைத் தாங்களே ஏசிக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

அந்தச் சென்னை ஆய்வைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. பொங்கலன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தட்டிலிருந்த வடையை எடுத்துப் பேத்தி தின்றுகொண்டிருந்தாள். அவர் எழுந்து போகவில்லை.